செவ்வாயின் மலை ஏன் அவ்வளவு உயரம்? ஈர்ப்பு மட்டுமா காரணம்?

கேள்வி: 12 ஜனவரி 2025, மாலை 7.05

செவ்வாயில் இருக்கும் ஒலிம்பஸ் மலை எவரெஸ்டைப் போல இரண்டரை மடங்கு உயரம் என்கிறார்கள். அங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். எடை குறைவு, அதனால் மலை உயரமாக நிற்கிறது, அவ்வளவுதானே விஷயம்? ஒரு செத்துப்போன எரிமலையிலிருந்து இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

12 ஜனவரி, இரவு 10.15

தம்பி, இதே பதிலை நானும் ஆறேழு வருடம் ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளிகளுக்குப் போவேன். செவ்வாயைக் காட்டுவேன். ஒலிம்பஸ் மலை ஏன் அவ்வளவு உயரம் என்று நானே கேட்டு, ஈர்ப்பு குறைவு என்று நானே பதிலும் சொல்வேன். போன வருடம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "சார், நிலாவில் ஈர்ப்பு இன்னும் குறைவு இல்லையா? அங்கே ஏன் இந்த மாதிரி மலை இல்லை?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஈர்ப்பு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. முதல் காரணம் அது இல்லை. நாளை எழுதுகிறேன். இப்போது வானம் தெளிவாக இருக்கிறது, இந்த மாதம் எட்டு மணி வாக்கில் மாடிக்குப் போனால் மேற்கே வெள்ளி, உச்சியில் ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன், கிழக்கே புனர்பூச நட்சத்திரங்களை ஒட்டிச் செவ்வாய், மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். உங்கள் கேள்விக்கு மூன்றுமே வேண்டியிருக்கும்.

13 ஜனவரி, மதியம் 1.30

முறுக்கு பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். அச்சை ஒரே இடத்தில் பிடித்து அழுத்தினால் மாவு அங்கேயே குவியும். கையை நகர்த்திக்கொண்டே அழுத்தினால் நீளமாக ஓடும், உயராது.

ஹவாய்த் தீவுகள் இரண்டாவது வகை. பூமிக்கு அடியிலிருந்து சூடு மேலே வரும் இடம் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கிறது, அதன் மேலே பசிபிக் தட்டு என்னும் பெரிய பாறைப் பலகை வருடத்துக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் நகர்கிறது. ஒரு எரிமலை வளர்ந்துகொண்டிருக்கும்போதே தட்டு அதை இழுத்துக்கொண்டு போய்விடும், சூடு அடுத்த இடத்தில் புதிதாக ஒன்றை ஆரம்பிக்கும். அப்படி வரிசையாகக் கிடக்கும் மலைகளும் கடலடிக் குன்றுகளும் சேர்ந்து சுமார் 6,000 கி.மீ. நீளம்.

செவ்வாயில் தட்டு நகர்வதில்லை. சூடு வந்த இடத்திலேயே கோடிக்கணக்கான வருடம் பாறைக்குழம்பு வந்து கொட்டியது. ஹவாயில் சங்கிலியாகப் பிரிந்தது அங்கே ஒரே மலையாகக் குவிந்தது. அதனால்தான் உயரம் 22 கி.மீ., அகலம் சுமார் 600 கி.மீ. சூரியக் குடும்பத்திலேயே உயரமான மலை அது.

13 ஜனவரி, இரவு 11.50

ஒரு திருத்தம். மேலே கடைசி வரியை "உயரமான எரிமலை" என்று வாசிக்கவும். வெஸ்டா என்ற சிறுகோளில் ரியாசில்வியா பள்ளத்தின் நடுவில் ஒரு சிகரம் இருக்கிறது, அதுவும் 20 கி.மீ.க்கு மேல், ஒலிம்பஸுக்குச் சமமாக வைத்துப் பேசுகிறார்கள். அது எரிமலை இல்லை. ஏதோ ஒன்று வந்து மோதியபோது நடுவில் எழும்பிய மேடு.

இன்று பௌர்ணமி நிலாவுக்குப் பக்கத்திலேயே செவ்வாய். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரை எழுப்பிக் காட்டினேன்.

14 ஜனவரி, பிற்பகல் 3.20

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்து. ஒலிம்பஸ் மலையில் ஏறுவது எவ்வளவு கடினமாக இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டிருப்பார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும் என்பது கணக்கு. அதன் சாய்வு ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஒலிம்பஸ் மலையின் சராசரிச் சாய்வும் கிட்டத்தட்ட அதேதான். மலை முழுவதும் ஒரு சாய்தளம். அடிவாரத்தில் மட்டும் சுற்றிலும் செங்குத்துப் பாறை, சில இடங்களில் 8 கி.மீ. வரை உயரம், அதைத் தாண்டுவதுதான் பாடு. தாண்டிவிட்டால் நடக்கலாம். ஆனால் மலையில் நிற்கிறோம் என்றே தெரியாது. செவ்வாய் சிறிய கிரகம், சமதரையில் நின்றால் தொடுவானம் மூன்றரை கி.மீ.க்குள் முடிந்துவிடும். நடுச்சரிவில் நிற்பவருக்கு மலை கண்ணுக்கு அடங்காது, லேசாகச் சாய்ந்த கற்காடு மட்டும்தான் தெரியும்.

இந்தச் சாய்வே ஒரு தகவல். குழம்பு கெட்டியாக இருந்திருந்தால் மலை ஃபியூஜி போலக் கூம்பாக நின்றிருக்கும். தோசை மாவு பதத்தில் ஓடியதால்தான் இப்படிப் பரந்து படிந்திருக்கிறது. இந்த வடிவத்துக்குக் கேடய எரிமலை என்று பெயர்.

இந்த மலையைக் கண்டுகொண்ட கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1971 நவம்பரில் நாசாவின் மரைனர் 9 கலம் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தபோது கிரகம் முழுவதும் புழுதிப் புயல். அனுப்பிய படங்களில் எதுவும் தெரியவில்லை, நான்கு கரும்புள்ளிகளைத் தவிர. புழுதி அடங்க அடங்கத்தான் அவை புழுதிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த நான்கு எரிமலைகளின் உச்சிகள் என்று புரிந்தது. அதில் ஒன்றுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. பூமியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சில நேரம் வெள்ளையாகத் தெரியும், அதனால் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி 19-ம் நூற்றாண்டில் "ஒலிம்பஸ் பனி" என்று பெயர் வைத்திருந்தார். அவர் பார்த்தது மலையை ஒட்டி எழும் மேகம் என்று பிறகு சொன்னார்கள்.

ஆனால் பாருங்கள், 2024 ஜூனில் உண்மையாகவே ஒலிம்பஸ் உட்பட சில எரிமலைகளின் உச்சிப் பள்ளங்களில் உறைபனி இருப்பதாக அறிவித்தார்கள். விடிகாலையில் படிந்து வெயில் ஏறியதும் மறையும் தண்ணீர்ப் பனி, தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அது பரவியிருக்கும் இடம் பெரிது என்பதால் மொத்தம் சுமார் 1,50,000 டன் தண்ணீர் குளிர் பருவத்தில் தினமும் மேலே போய்க் கீழே வருகிறது. மார்கழி விடியலில் என் தொலைநோக்கிக் குழாயின் மேல் விரலால் கோடு போட்டால் படியும் ஈரம் ஞாபகம் வந்தது, இது அதைவிட மெல்லியது.

17 ஜனவரி, இரவு 9.00

"செத்துப்போன எரிமலை" என்று கேள்வியில் இருந்ததற்கு இப்போதுதான் வருகிறேன். பண்டிகை வேலையில் விட்டுப்போயிற்று.

செவ்வாயின் எரிமலைக் கல் ஒன்று நம் நாட்டில் விழுந்திருக்கிறது. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில், சுமார் 5 கிலோ எடை. அப்போது அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே மாதிரியான கற்களுக்கு இன்று உலகம் முழுவதும் "ஷெர்கோட்டைட்" என்றுதான் பெயர், ஊர்ப் பெயர் இனப் பெயராகிவிட்டது. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு ஷெர்கோட்டைட்டுக்குள் அடைபட்டிருந்த காற்றை 1983-ல் ஆராய்ந்தார்கள். வைக்கிங் கலங்கள் 1976-ல் செவ்வாயில் இறங்கி அளந்த காற்றோடு அது பொருந்தியது. கல்லுக்குள் ஒரு மூச்சுக் காற்று இருந்தது, அது தன் ஊரைச் சொல்லிவிட்டது.

இதில் உங்கள் கேள்விக்கான செய்தி வயதுதான். ஷெர்கோட்டைட் கற்களில் பல 60 கோடி வருடத்துக்கும் குறைந்தவை, சில 20 கோடிக்கும் குறைந்தவை. செவ்வாயின் வயது 450 கோடி. அதாவது பூமியில் டைனோசர்கள் நடமாடிய காலத்திலும் அங்கே குழம்பு வழிந்து கல்லாகியிருக்கிறது. செர்பரஸ் ஃபோசே என்ற வெடிப்புப் பகுதியில் எரிமலைச் சாம்பல் போலத் தெரியும் கருந்திட்டு ஒன்று இருக்கிறது, அது வெறும் 50,000 வருடம் அளவுதான் பழசாக இருக்கலாம் என்று 2021-ல் ஒரு கணிப்பு வந்தது. 2018 நவம்பர் 26-ல் இறங்கிய இன்சைட் கலம் பதிவு செய்த 1,300-க்கும் மேற்பட்ட அதிர்வுகளில் பெரியவை பலவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன. செத்துப்போனது என்று நான் சொல்ல மாட்டேன்.

19 ஜனவரி, காலை 11.10

13-ம் தேதிக் குறிப்பில் தட்டு நகராததுதான் காரணம் என்று முடித்துவிட்டேன். ஒரு வாசகர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்: வெள்ளியிலும் தட்டுகள் நகர்வதில்லை என்கிறார்களே, அங்கே ஏன் 22 கி.மீ. மலை இல்லை?

அவர் கேட்டது நியாயம். வெள்ளியின் மிக உயரமான எரிமலை மாத் மலை, சராசரித் தரை மட்டத்திலிருந்து சுமார் 8 கி.மீ. ஹவாயின் மௌனா லோவா கடலடியிலிருந்து 9 கி.மீ. நகரும் தட்டின் மேலே நிற்கும் பூமி மலையும், நகராத தரையில் நிற்கும் வெள்ளி மலையும் ஏறக்குறைய ஒரே உயரம். முறுக்கு அச்சு உதாரணம் இங்கே உடைகிறது.

இரண்டு நாள் யோசித்து, படித்து, எனக்குப் புரிந்தது இது. மாவு ஒரே இடத்தில் விழுந்தால் மட்டும் போதாது, கீழே இருப்பது அதைத் தாங்க வேண்டும். கிரகத்தின் மேலே இறுகிக் கிடக்கும் பாறை ஓடு செவ்வாயில் மிகத் தடிப்பு, இன்சைட் அளவுகளின்படி 400 முதல் 600 கி.மீ. வரை. நம் கடலடி ஓடு 100 கி.மீ. அளவுதான். வெள்ளியின் தரையோ 465 டிகிரி சூட்டில் கிடக்கிறது, அந்தச் சூட்டில் தொடங்கி ஆழம் போகப் போக இன்னும் சூடேறும்போது பாறை சீக்கிரமே இளகிவிடும். பெரிய பாரத்தை அதன் மேல் ஏற்றினால் கோடி வருடக் கணக்கில் அமுங்கும், பரவும். ஈர்ப்பும் அங்கே பூமியில் 90 சதவீதம்.

இன்னொன்றும் உண்டு. பாறைக்குழம்பு ஏன் மேலே ஏறுகிறது? சுற்றியுள்ள பாறையைவிட அது லேசு. அடியில் எவ்வளவு ஆழத்திலிருந்து கிளம்புகிறதோ அவ்வளவு நீளத்துக்கு அந்த லேசான குழம்புத் தூண் நிற்கும், தூண் நீளமானால் உச்சியில் தள்ளும் உயரமும் கூடும். தடித்த ஓட்டுக்கு அடியிலிருந்து வரும் குழம்பு உயரமான மலையின் உச்சி வரை ஏற முடியும். மெல்லிய ஓடாக இருந்தால் பாதி உயரத்திலேயே பக்கவாட்டில் வழிந்துவிடும்.

சரி, அப்படியானால் மலையின் உயரத்தை வைத்து அடியில் இருக்கும் ஓட்டின் தடிமனை ஊகிக்கலாம். எனக்கு இது தெரிந்த அன்று இரவு தூக்கமே வரவில்லை. யாரும் காலடி வைக்காத ஓர் இடத்தில், ஒரு மலையின் உயரத்தையும் சாய்வையும் மேலிருந்து அளந்தே தரைக்கடியில் பல நூறு கி.மீ. ஆழத்தில் இருப்பதைப் பேச முடிகிறது.

20 ஜனவரி, இரவு 8.40

மாத் மலை பற்றி எழுதியதும் பழைய கோபம் ஒன்று வந்துவிட்டது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் அந்த மலையின் பெரிய வண்ணப்படம் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தேன். ஆரஞ்சு வானம், ஊசி போல எழும் மலை, அடியில் மின்னும் குழம்பு ஓட்டங்கள். பிள்ளைகளுக்கு அதையே காட்டி வெள்ளி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். உயரத்தைப் பல மடங்கு கூட்டிக் கணினியில் வரைந்த படம் அது என்பதைப் படத்தை விற்றவர்கள் ஓர் ஓரத்தில்கூடப் போடவில்லை. அது ஒளியில் எடுத்த புகைப்படமே இல்லை, மெகல்லன் கலத்தின் ரேடார் அளவுகளிலிருந்து செய்தது. ஆரஞ்சு நிறம் மட்டும் சோவியத்தின் வெனீரா கலங்கள் தரையிலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்துப் பூசியது.

உண்மையான மாத் மலை சில டிகிரி சாய்வுள்ள பரந்த மேடு. அங்கே நிற்க முடிந்தால் அதுவும் மலையாகத் தெரியாது. கூட்டிக் காட்டினால்தான் மேடு பள்ளம் கண்ணுக்குப் புரியும் என்பது சரிதான், விஞ்ஞானிகள் குறிப்போடுதான் வெளியிடுகிறார்கள். அந்தக் குறிப்பை வெட்டிவிட்டு விற்பதுதான் தப்பு.

22 ஜனவரி, இரவு 10.30

மெகல்லனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பொறுமையின் கதை ஒன்று இருக்கிறது.

வெள்ளியை மூடியிருக்கும் மேகம் விலகவே விலகாது. அதனால் ரேடார். 1990 முதல் 1992 வரை மெகல்லன் 98 சதவீதத் தரையைப் படமாக்கியது. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கக் கிரகம் அடியில் மெதுவாகத் திரும்பும், ஆக ஒரு முழுப் படச் சுற்றுக்கு எட்டு மாதம். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று போனபோது சில இடங்கள் மறுபடி மறுபடி பதிவாயின.

அந்தப் படங்கள் முப்பது வருடம் எல்லோருக்கும் கிடைக்கும்படி இருந்தன. 2023 மார்ச்சில் ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாத் மலைப் பகுதியில் ஓர் எரிமலை வாயைக் காட்டினார்கள். 1991 பிப்ரவரிப் படத்தில் அது வட்டமாக 2.2 சதுர கி.மீ. அளவில் இருக்கிறது. அதே அக்டோபர் படத்தில் வடிவம் குலைந்து ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. எட்டு மாதத்தில் ஒரு வாய் திறந்து சரிந்திருக்கிறது. கலம் வேறு வேறு கோணத்தில் பார்த்ததால் கணினியால் ஒப்பிட முடியவில்லை, ஹெரிக் உட்கார்ந்து கண்ணால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அடுத்த வருடம் ஓர் இத்தாலியக் குழு சிஃப் மலையிலும் நியோபே சமவெளியிலும் புதிய குழம்பு ஓட்டம் போன்ற மாற்றங்களை அதே பழைய படங்களில் கண்டது.

இதற்கு முன் வெள்ளித் தரையின் வயதைப் பற்றிப் பேசியதெல்லாம் விண்கல் மோதிய பள்ளங்களை எண்ணித்தான், பள்ளம் அதிகமானால் தரை பழசு. ஆயிரத்துக்கு அருகில் பள்ளங்கள், கிரகம் முழுவதும் ஒரே சீராகத் தூவியது போல. செவ்வாயிலும் நிலாவிலும் பழைய தரை, புதிய தரை என்று பள்ளங்களை வைத்தே பிரித்துவிடலாம். வெள்ளியில் எல்லாத் தரையும் ஒரே வயது போலத் தெரிகிறது, சில நூறு மில்லியன் வருடம். அதனால் ஒரு காலத்தில் கிரகம் முழுவதும் குழம்பு பொங்கிப் பழைய தரையை மூடியதா, அல்லது அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே இருக்கிறதா என்று பெரிய வாதம். அந்த ஒரு வாய் இரண்டாவது பக்கத்துக்குக் கொஞ்சம் கனம் சேர்த்திருக்கிறது. முதல் பக்கத்தைத் தோற்கடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

26 ஜனவரி, மாலை 4.00

விடுமுறை. அலமாரியை ஒதுக்கும்போது புனேயில் வேலை பார்த்த காலத்தில் பொறுக்கிய கல் கிடைத்தது, இப்போது மேசை மேல் இருக்கிறது. கைக்கு அடங்கும் அளவு, கருஞ்சாம்பல் நிறம், ஒரு பக்கம் முழுக்கச் சிறு சிறு குழிகள். குழம்பு இறுகும்போது உள்ளிருந்த வாயு குமிழாக அடைபட்ட இடங்கள் அவை. சில குழிகளுக்குள் வெள்ளைப் படிகம், சீயோலைட், பல் போல வரிசையாக முளைத்திருக்கிறது. நகத்தால் தட்டினால் ஓசை வராது, கல்லோடு கல்லாகிவிட்டது.

தக்காணத்துப் பசால்ட் இது. 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன்னால் தரையில் நீளமான வெடிப்புகள் திறந்து குழம்பு பாய்ந்தது. கூம்பு மலை எதுவும் கட்டவில்லை, பாய் விரித்தாற்போல அடுக்கடுக்காகப் பரவியது. சகியாத்திரி மலைகளைத் தூரத்தில் நின்று பார்த்தால் படிக்கட்டு போலத் தெரிவது அதனால்தான். இந்தப் பாறைப் பரப்பை ஆங்கிலத்தில் அழைக்கும் "ட்ராப்" என்ற பெயரே ஸ்வீடன் மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மலைச்சாலை வெட்டிய இடங்களில் இரண்டு கறுப்பு அடுக்குக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு கோடு ஓடும். மேல் அடுக்கு வருவதற்கு முன் கீழ் அடுக்கின் முகம் மழையில் வெயிலில் கிடந்து மண்ணாகிய இடைவேளை அது. கோட்டை வைத்துக் குழம்பு நின்று நின்று வந்தது என்று சொல்லிவிடலாம்.

வேறு கிரகத்தில் சாலை வெட்ட ஆளில்லை. மோதல் பள்ளத்தின் சுவரும் பள்ளத்தாக்கின் சுவரும்தான் அங்கே வெட்டு. செவ்வாயின் மேரினெரிஸ் பள்ளத்தாக்குச் சுவரில் இந்த மாதிரியே அடுக்குகள் தெரிகின்றன. 1982 மார்ச்சில் வெனீரா 13 வெள்ளியில் இறங்கி 127 நிமிடம் தாக்குப்பிடித்து அனுப்பிய படத்தில் தட்டைத் தட்டையாக உடைந்த பலகைக் கற்கள், நான்கு நாள் கழித்து வெனீரா 14 இறங்கிய இடத்திலும் அதுவே. அது துளையிட்டு எடுத்த மாதிரியை ஆராய்ந்ததில் பசால்ட். என் மேசையில் கிடப்பதன் சொந்தக்காரக் கல்.

1 பிப்ரவரி, இரவு 11.20

இப்போது வியாழனுக்கு வருகிறேன், 19-ம் தேதி நான் சொன்ன பதிலும் இங்கே நொண்டுகிறது.

வியாழனின் நிலவு அயோ. நம் நிலாவைவிடச் சற்றுப் பெரியது, ஈர்ப்பு செவ்வாயில் பாதிகூட இல்லை. 400-க்கும் மேல் எரிமலைகள், சூரியக் குடும்பத்தில் இதைவிட அதிகம் கொதிக்கும் தரை வேறு எங்கும் இல்லை. ஈர்ப்புதான் காரணம் என்றால் அயோவில் ஒலிம்பஸைத் தூக்கிச் சாப்பிடும் எரிமலை இருக்க வேண்டும். ஓடு தடித்திருந்தால் போதும் என்றாலும் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே 17 கி.மீ. உயரமுள்ள பூசௌலே மலையையே ஓடு தாங்கி நிற்கிறது. ஆனால் அந்த மலை எரிமலை இல்லை! அயோவின் எரிமலைகளில் பெரும்பாலானவை பள்ளங்கள். லோகி என்ற பெரிய பள்ளம் 200 கி.மீ. அகலத்தில் தட்டையாகக் கிடக்கிறது.

எனக்குப் புரிந்த அளவில், அங்கே குழம்பு மிகவும் சூடு, மிகவும் நீர்ப்பு, ரவா தோசைக்குக் கரைத்தது போல. ஊற்றினால் குவியாது, ஓடிப் பரவும். அடுத்தது அதன் மேலே, அதற்கடுத்தது அதன் மேலே. பழைய அடுக்குகள் பாரத்தில் கீழே இறங்குகின்றன, இறங்க இறங்க இடம் போதாமல் நெரிபடுகின்றன, எங்கோ ஒரு துண்டு உடைந்து செங்குத்தாக எழுகிறது. அந்தத் துண்டுதான் மலை. ஆக அயோவில் எரிமலை பள்ளமாகவும், மலை எரிமலை அல்லாததாகவும் இருக்கிறது. ஒரு மோதல் பள்ளம்கூட அங்கே கண்ணில் படவில்லை, விழுந்ததெல்லாம் மூடிப்போகிறது.

2 பிப்ரவரி, காலை 7.30

நேற்று தூக்கக் கலக்கத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன்: இவ்வளவு சூடு எங்கிருந்து?

செவ்வாய், வெள்ளி, பூமி மூன்றும் பிறந்தபோது இருந்த சூட்டிலும், உள்ளே இருக்கும் கதிரியக்கத் தனிமங்களின் சூட்டிலும் ஓடுகின்றன. அயோ அளவுள்ள சிறு கோளத்துக்கு அது என்றோ தீர்ந்திருக்க வேண்டும், நம் நிலாவைப் போல. ஆனால் அயோ வியாழனை நான்கு முறை சுற்றுவதற்குள் மற்ற நிலவுகளான யூரோபா இரண்டு முறை, கனிமீடு ஒரு முறை சுற்றுகின்றன. இந்தத் தாளத்தில் இரண்டும் அயோவைத் தொடர்ந்து இழுப்பதால் அதன் பாதை முழு வட்டமாக ஆகவே முடியாது. வியாழனுக்குக் கிட்டே போகிறது, தள்ளி வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் திடமான தரையே நூறு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. கம்பியை மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருந்தால் மடக்கும் இடம் சுடுமே, அதே சூடு.

ஸ்டான்டன் பீல், பேட்ரிக் காசென், ரே ரெனால்ட்ஸ் மூவரும் இதைக் கணக்குப் போட்டு 1979 மார்ச் 2 அன்று வெளியிட்டார்கள். மார்ச் 5 அன்று வாயேஜர் 1 அயோவைக் கடந்தது. மார்ச் 9 அன்று கலத்தின் பாதையைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த லிண்டா மொராபிட்டோ, மங்கலான நட்சத்திரங்கள் தெரிய வேண்டும் என்று ஒரு படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினார். அயோவின் விளிம்பில் குடை போல ஒரு மேகம். தரையிலிருந்து 250 கி.மீ.க்கும் மேல் எழும்பிய எரிமலைப் பீய்ச்சல் அது. கணக்கு அச்சாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

போன வாரம் ஒரு நாள் அயோ வியாழனின் நிழலிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். கிரகத்தின் கிழக்கு விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒன்றுமே இல்லாத கறுப்பில், முதலில் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு பொட்டு. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் மற்ற நிலவுகளைப் போல அதுவும் பளிச்சென்று ஆகிவிட்டது. 1676-ல் ஓலே ரோமர் என்ற வானியலாளர் இந்த மறைவு நேரங்கள் முந்துவதையும் பிந்துவதையும் வைத்துத்தான் ஒளி வர நேரம் எடுக்கிறது என்று சொன்னார். என் 130 மி.மீ. ஆடியில் எரிமலை தெரியாது, அது வெறும் புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியில் இப்போது குழம்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து பார்ப்பது வேறு.

2 பிப்ரவரி, இரவு 9.15

ஒரு சேர்க்கை. அயோவின் மேலோட்டுக்கு அடியிலேயே முழுக்கக் குழம்புக் கடல் இருக்கிறது என்று நிறைய பேர் நினைத்திருந்தோம். வியாழனைச் சுற்றிவந்த ஜூனோ கலம் 2023 டிசம்பர் 30-லும் 2024 பிப்ரவரி 3-லும் 1,500 கி.மீ. நெருக்கத்தில் கடந்தபோது ஈர்ப்பை அளந்தது. மேலோட்டை ஒட்டி அப்படி ஒரு கடல் இருந்தால் அயோ இன்னும் அதிகமாக நெளிய வேண்டும், அவ்வளவு நெளியவில்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வந்தது.

6 பிப்ரவரி, இரவு 10.00

அந்தப் பெண்ணின் கேள்வி. நிலாவில் ஏன் இல்லை?

நிலாவிலும் எரிமலை உண்டு, மாடியிலிருந்து வெறும் கண்ணால் நாம் பார்க்கும் கருந்திட்டுகளே அதுதான். பெரிய மோதல் பள்ளங்களின் அடியில் வெடிப்பு வழியாக நீர்த்த குழம்பு வந்து, வெளியே வழிய இடமில்லாமல் பள்ளத்தை நிரப்பி இறுகியது. தக்காணத்தைப் போல விரிப்பு, ஒலிம்பஸ் போலக் குவியல் இல்லை. மாரியஸ் குன்றுகள் போன்ற எரிமலை மேடுகள் சில நூறு மீட்டர்தான். இன்னொரு பக்கம், நிலா சிறியது, சீக்கிரம் ஆறிவிட்டது. சீனாவின் சாங்-ஈ 5 கலம் நிலாவிலிருந்து கொண்டுவந்த பசால்ட்டின் வயது 200 கோடி வருடம், அதுவே இளையதில் சேர்த்தி. ஒரே இடத்தில் நூறு கோடிக் கணக்கான வருடம் நின்று குவிக்க அதற்கு வாய்க்கவில்லை.

ஆக ஈர்ப்பு, ஓடு, இடம் மாறாமை, குழம்பின் பதம், எவ்வளவு காலம் சூடு நீடித்தது, இத்தனையும் சேர்ந்து அமைந்தது செவ்வாயில். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை ஒரு பக்கத்தில் எழுதி அந்தப் பள்ளி ஆசிரியைக்கு அனுப்பியிருக்கிறேன்.

கருந்திட்டுக்கு வெளியே நிலாவின் வெள்ளைப் பகுதி அனார்த்தோசைட் பாறை. இளம் நிலா முழுக்கக் குழம்பாக இருந்தபோது மேலே மிதந்த படிகங்கள் சேர்ந்து உண்டானது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் அனார்த்தோசைட் இருக்கிறது, அங்கேயிருந்து எடுத்த கல்லை அரைத்துத்தான் சந்திரயானுக்கான சோதனை மண்ணை இஸ்ரோ செய்தது.

11 பிப்ரவரி, இரவு 8.20

ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு, காகிதத்தைப் படித்துவிட்டாளாம். பதிலுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள்: "வெள்ளியில் தட்டு நகரவில்லை என்று யார் அளந்தது?"

யாரும் அளக்கவில்லை. பூமியில் இருப்பது போலக் கிரகத்தைச் சுற்றி ஓடும் கடலடி முகடுகளோ, ஓடு முங்கும் நீண்ட அகழிகளோ படத்தில் இல்லை என்பதை வைத்துச் சொல்வதுதான். 2021-ல் பால் பைர்ன் என்ற ஆய்வாளரின் குழு, வெள்ளியின் தாழ்நிலங்களில் ஓடு துண்டு துண்டாக உடைந்து, மிதக்கும் பனிப்பாளங்கள் போல ஒன்றோடொன்று இடித்து நகர்ந்த தடங்களைக் காட்டியிருக்கிறது. இன்றும் நகர்கிறதா என்று பார்க்க ஒரே இடத்தை இரண்டு முறை ரேடாரில் மிகத் துல்லியமாக அளக்க வேண்டும், நாசாவின் வெரிட்டாஸ் கலத்தின் வேலைகளில் அது ஒன்று. நம் வெள்ளிக் கலத்துக்கும் 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாய்க்கு அனுமதி கிடைத்திருக்கிறது, 2028 மார்ச்சில் ஏவத் திட்டம், அதிலும் ரேடார் போகிறது.

அவளுக்கு இதை நாளை எழுதுகிறேன். மேலே 19 ஜனவரிக் குறிப்பில் வெள்ளியை "நகராத தரை" என்று எழுதியிருக்கிறேன், அதை "நகர்வது இதுவரை தெரியாத தரை" என்று மாற்றி வாசிக்கவும்.